ஊர்ப் பெரியவர்களைத் தேடி எழுதுவது எப்படி: ஓய்வுபெற்ற தபால்காரரின் வழி

கையில் கடிதம் வந்தால் தபால்காரன் முதலில் பார்ப்பது தெருவை. அப்புறம் கதவு எண். பெயர் கடைசியில்தான், வாசலில் நின்று கூப்பிடுவதற்காக. சென்னையை ஒட்டிய பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் 34 வருஷம் சைக்கிள் மிதித்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

நான் ஓய்வுபெற்ற மறு வருஷம் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் ஆண்டு மலர் போட்டது. அதில் ‘நம் ஊர்ப் பெரியவர்கள்’ என்று எட்டுப் பக்கம். “போஸ்ட்மேன் சார், நீங்கதான் எல்லா வீட்டுப் படியும் ஏறினவர், நீங்களே எழுதிடுங்க” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கூடவே ஆளுக்கொரு பட்டியலும் கொடுத்தார்கள். எல்லாப் பட்டியலிலும் முதல் பெயர் அப்துல் கலாம். இரண்டாவது மறைமலையடிகள். மூன்றாவது, பட்டியல் கொடுத்தவருடைய தாத்தா.

சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் புறநகர் ஊர் எதிலும் இதுதான் நடக்கும். பக்கத்தில் பெரிய பட்டணம் இருப்பதால் பெரிய பெயர்கள் எல்லாம் நம் வழியாகப் போயிருக்கும், வந்திருக்கும், படித்திருக்கும். அதில் யார் நம் ஊர்க்காரர், யார் நம் ஊர் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது ஜன்னல் வழியாகக் கையசைத்தவர் என்று பிரிப்பதுதான் வேலை. அதற்கு நான் கண்டுபிடித்த வழி என் பழைய வழியேதான்: அவர் எந்த வாசலில் இருந்தார், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் கடிதம் பட்டுவாடா ஆகிவிட்டது என்று அர்த்தம். கிடைக்காவிட்டால் உறை திரும்ப வந்துவிடும்.

முதலில் ஊர் எது என்று முடிவு செய்யுங்கள்

கேட்க அசட்டுத்தனமாக இருக்கும். நானே முதல் மாதம் முழுவதும் இதில்தான் கோட்டை விட்டேன்.

பல்லாவரம் என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். வருவாய்த்துறைக் கணக்கில் ஜமீன் பல்லாவரம் வேறு, ஈசா பல்லாவரம் வேறு. பழைய பல்லாவரம் தனி. இவற்றோடு ராணுவத்தின் கன்டோன்மென்ட் பகுதி இருக்கிறது. அது நகராட்சிக்குள் வந்ததே இல்லை. புனித தோமையார்மலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் என்று பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் அதற்குத் தனி வாரியம், தனிப் பதிவேடு. ஒரே வெள்ளிக்கிழமைச் சந்தையில் காய் வாங்கும் இரண்டு குடும்பங்களின் பிறப்பு, இறப்புப் பதிவு இரண்டு வேறு அலுவலகங்களில் இருக்கும். நகராட்சியில் பெயர் இல்லை என்று ஒருவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, பிறகு அவர் கன்டோன்மென்ட்காரர் என்று தெரிந்து மறுபடி எழுதினேன்.

மேலே இருக்கும் நிர்வாகமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய காகிதங்களில் எங்கள் ஊர் செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. 1997-இல் ஜில்லா பிரிந்து காஞ்சிபுரம் மாவட்டம் ஆனோம். 2019-இல் மறுபடி செங்கல்பட்டு மாவட்டம். 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் தாம்பரத்தோடு சேர்ந்து மாநகராட்சி. ஆகவே 1920-இல் வீடு வாங்கிய ஒருவரின் பத்திரத்தைத் தேடும்போது இன்றைய முகவரியைச் சொன்னால் எந்த எழுத்தருக்கும் புரியாது. ஒரு தாளில் வருஷவாரியாக உங்கள் ஊர் எந்தக் கிராமம், எந்தத் தாலுகா, எந்த ஜில்லா என்று எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போய் நின்றாலும் முதல் கேள்வி அதுதான் வரும்.

கதவு எண்ணும் அப்படித்தான். புதிய எண், பழைய எண் என்று இரண்டு போட்டிருப்பார்கள். அதற்கு முன்னால் இன்னொரு பழைய எண் இருந்திருக்கும். எண்ணை நம்பாதீர்கள். எதிரில் என்ன இருந்தது, கிணறு எந்த மூலையில், தெருவில் மேற்கிலிருந்து எத்தனையாவது வீடு என்று எழுதுங்கள்.

மூன்று கட்டு

அஞ்சல் நிலையத்தில் காலையில் கடிதங்களைப் பீட் வாரியாக, அதாவது ஒரு தபால்காரர் சுற்றும் தெருக்கள் வாரியாகப் பிரிப்போம். பெயர்களையும் அப்படிப் பிரித்துவிடுங்கள். நான் மூன்று கட்டாகப் போட்டேன்: குடியிருந்தவர், வேலைக்கோ படிப்புக்கோ வந்து சில காலம் தங்கியவர், வந்து போனவர்.

வந்து போனவருக்கு உதாரணம் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதிகாரி. 1863 மே 30 அன்று பல்லாவரம் கன்டோன்மென்ட் மைதானத்தில் சரளைக்குத் தோண்டியிருந்த பள்ளத்தில் ஒரு கல்லை எடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கல்லாயுதம் அது. இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லில்தான் தொடங்குகிறது. அப்போது அவருக்கு வயது 28. எங்கள் ஊரின் பெயரை உலக ஆராய்ச்சிப் புத்தகங்களில் ஏற்றியவர் அவர். ஆனால் எங்கள் ஊரில் அவருக்கு வாசல் கிடையாது. பிற்காலத்தில் அவர் வீடு கட்டி இருந்தது ஏற்காட்டில். மலரில் அவரைப் போட்டேன், ‘வந்து போனவர்’ என்ற தலைப்பின் கீழ். சங்கத்தில் ஒருவருக்குக் கோபம். “அப்போ அந்தக் கல்லு நம்ம ஊருது இல்லையா?” என்றார். கல் நம் ஊருடையதுதான். ஃபூட் நம் ஊர்க்காரர் இல்லை.

கலாம் இரண்டாவது கட்டு. 1950-களின் நடுவில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) விமானப் பொறியியல் படித்தார். மாணவர் விடுதியும் வாசல்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். என் ஆலோசனை, பட்டியலில் எல்லாருக்கும் தெரிந்த பெயரைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதினால் அவரே எட்டுப் பக்கத்தையும் சாப்பிட்டுவிடுவார்.

நான்காவதாக ஒரு வகையும் உண்டு, அது ஏமாற்று வகை. ஊர் பெயரில் இருக்கும், ஆள் ஊரில் இருக்கமாட்டார். தமிழ் நாடகத்துக்குக் கௌரவம் தேடித் தந்த பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) அப்படி. பம்மல் அவர்கள் குடும்பத்துப் பூர்வீகம். அவர் பிறந்தது சென்னைப் பட்டணத்தில். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அங்கேதான். பம்மல்காரர்கள் அவரைக் கொண்டாட எல்லா உரிமையும் உண்டு. ஆனால் ‘இந்தத் தெருவில் விளையாடி வளர்ந்தார்’ என்று எழுதிவிடக் கூடாது. எழுதியிருந்தார்கள். ஒரு துண்டுப் பிரசுரத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

சாவடித் தெருவில் ஒரு வாசல்

குடியிருந்தவர்களில் எங்களுக்கு முதல் பெயர் மறைமலையடிகள். இவரை வைத்தே முழு முறையையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் செய்யக்கூடிய தப்பெல்லாம் இவரிடமே செய்து பார்த்துவிட்டேன்.

முதல் தப்பு கல்லூரி. ‘கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர்’ என்று எல்லாக் குறிப்பிலும் இருந்தது. கிறித்தவக் கல்லூரி தாம்பரத்தில், இவர் வீடு பல்லாவரத்தில், ஆகவே ரயிலில் இரண்டு மூன்று ஸ்டேஷன் போய் வந்திருப்பார் என்று நானே மனசுக்குள் படம் போட்டு ஒரு பத்தி எழுதிவிட்டேன். பிறகு வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். அடிகள் கல்லூரியில் சேர்ந்தது 1898. வேலையை விட்டது 1911. கல்லூரி பட்டணத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது 1937. அவர் பாடம் சொன்னதெல்லாம் பாரிமுனைப் பக்கத்துப் பழைய கட்டடத்தில். பல்லாவரத்துக்கு அவர் வந்ததே கல்லூரி வேலையை விட்ட பிறகு. நான் போட்ட படத்தில் ஒரு கோடுகூடச் சரியில்லை. பத்தியைக் கிழித்துப் போட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எடுத்து, இடது பக்கம் ஆளின் வருஷங்கள், வலது பக்கம் ஊரின் வருஷங்கள் என்று எழுத ஆரம்பித்தேன். ஊர்ப் பக்கத்தில் எங்களுக்கு முக்கியமான சில: 1912 குரோம் தோல் தொழிற்சாலை, 1928 சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனை, 1931 கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில், 1937 கல்லூரி, 1949 எம்.ஐ.டி. இரண்டு பக்கமும் ஒத்துவராத கதை எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் வெளியே.

இரண்டாவது தப்பு பெயர். அவர் 1911-இல் ஊருக்கு வந்தபோது மறைமலையடிகள் இல்லை, வேதாசலம். வேதம் மறை ஆனது, அசலம் மலை ஆனது. அது 1916-இல். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ என்ற இதழ் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. ஆகவே 1916-க்கு முந்தைய காகிதத்தில் ‘மறைமலை’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஒரு மனிதருக்கு எத்தனை பெயர் இருந்தது, எந்தெந்த வருஷம் எது என்பதைத் தேட ஆரம்பிக்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு கண்டம். தாம்பரம் சானடோரியத்தை 1928-இல் நிறுவிய டாக்டர் சவுரிமுத்துவின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். தமிழிலும் சவுரி, சவரி, சௌரி. அத்தனையையும் தேடவேண்டும்.

மூன்றாவது, பெயர்ப் பலகை. சைதாப்பேட்டையில் மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. செங்கல்பட்டு போகிற வழியில் மறைமலை நகர் என்று ஒரு ஊரே இருக்கிறது. வாசல் இருந்தது பல்லாவரம் சாவடித் தெருவில். 1911 முதல் 1950 செப்டம்பர் 15-இல் கண் மூடும் வரை, ஏறக்குறைய நாற்பது வருஷம். பெயர்ப் பலகை மரியாதை செய்ய வைத்தது, விலாசம் சொல்ல வைத்ததில்லை.

நான்காவதுதான் எனக்கு உறைத்த தப்பு. அந்த வாசலுக்குள் இன்னொரு ஆள் இருந்தார். மகள் நீலாம்பிகை. பாட்டு ஒன்றில் வந்த ‘தேகம்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘யாக்கை’ என்று இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று அப்பா மகளிடம் சொன்னதும், தனித்தமிழ் இயக்கம் அங்கிருந்து கிளம்பியதும் எல்லாரும் சொல்கிற கதை. அதில் மகள் பாட்டுப் பாடிய குழந்தையாக வந்துவிட்டு மறைந்துபோகிறார். அந்தக் குழந்தை வளர்ந்து வடசொல்லுக்குத் தமிழ்ச்சொல் தரும் அகரவரிசை தொகுத்தார். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தை வழங்கித் தீர்மானம் போட்டது அந்த மாநாடுதான். என் முதல் வரைவில் அவருக்குக் கொடுத்திருந்தது நாலு சொல்: ‘இவருக்கு நீலாம்பிகை என்றொரு மகள்’. வெட்கமாக இருந்தது. ஒரு வாசலைக் கண்டுபிடித்தால் அங்கே யார் யார் இருந்தார்கள் என்று எல்லாரையும் எழுதுங்கள். எத்தனையோ வீட்டில் ரெஜிஸ்டர் தபால் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்குவது அம்மாவாகவும், உறையில் இருப்பது அய்யா பெயராகவும் இருந்ததைப் பார்த்தவன் நான். எனக்கே இது தோன்றவில்லை பாருங்கள்.

அடிகளின் புத்தகங்களைத் தேடிச் சாவடித் தெருவுக்குப் போக வேண்டாம். அவர் சேர்த்த சுமார் 4,000 நூல்கள் அவருக்குப் பிறகு லிங்கிச் செட்டித் தெருவில் அவர் பெயரில் அமைந்த நூலகத்துக்குப் போயின. பின்னர் அந்த நூலகம் எழும்பூரில் கன்னிமாரா பொது நூலக வளாகத்துக்கு வந்தது. ஒரு ஊர்க்காரரின் காகிதங்கள் அந்த ஊரில் இருப்பது அபூர்வம். புறநகர் என்றால் பெரும்பாலும் பட்டணத்தில்தான் இருக்கும்.

ஒரே பெயர், மூன்று ஆள்

எம்.ஐ.டி.யைத் தொடங்கியவர் சி. ராஜம். தன் ‘இந்தியா ஹவுஸ்’ மாளிகையை விற்றுக் கல்லூரிக்குப் பணம் போட்டவர். இவரைப் பற்றி எழுதும்போது, ‘சங்க இலக்கியங்களை மலிவு விலையில் அச்சிட்டுத் தந்த வள்ளலும் இவரே’ என்று பெருமையாக ஒரு வரி சேர்த்தேன். எங்கேயோ படித்த ஞாபகம். அச்சுக்குப் போகும் முன் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியையிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தம்பி, அது மர்ரே ராஜம். எஸ். ராஜம். இவர் சி. ராஜம்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “இன்னொரு எஸ். ராஜமும் உண்டு. ஓவியர், பாட்டும் பாடுவார், மயிலாப்பூர். அவரையும் இதிலே சேர்த்துடாதே” என்றார்.

தபால்காரனுக்கு இது புதுசா? ஒரே தெருவில் மூன்று ஆர். கிருஷ்ணமூர்த்தி இருந்த பீட்டில், யாருக்கு எல்.ஐ.சி. நோட்டீஸ், யாருக்குப் பென்ஷன் என்று கையெழுத்தைப் பார்த்தே பிரித்தவன். அதே ஆள் பேனா பிடித்ததும் முன்னெழுத்தைப் பார்க்க மறந்துவிட்டான். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் முன்னெழுத்து, பிறந்த வருஷம், தொழில் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் இரண்டு குறிப்புகளை ஒரே ஆளுடையது என்று சேர்க்கிறேன். இரண்டு ஒத்துப்போனால் போதாது.

பெரியவர்களிடம் பேசப் போகும்போது

வெறுங்கையோடு போகாதீர்கள். பழைய புகைப்படம், தெருவின் வரைபடம், பழைய உறை, எதையாவது கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். “அந்தக் காலத்துல ஊர்ல பெரிய மனுஷங்க யாரு தாத்தா?” என்று கேட்டால் பதில் வராது, பிரசங்கம் வரும். “உங்க வீட்டுக்கும் கிணத்துக்கும் நடுவுல எத்தனை வீடு? ஒவ்வொண்ணா சொல்லுங்க” என்று கேட்டுப் பாருங்கள். வீடு வீடாக ஆட்கள் வெளியே வருவார்கள். கன்டோன்மென்ட்டில் வெட்டரன் லைன்ஸ் பக்கம் ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரிசை முழுக்கப் பதினோரு வீட்டைச் சொன்னார். ஏழாவது வீட்டில் நிறுத்தி, “இங்கே ஒரு நர்ஸம்மா இருந்தாங்க. ராத்திரி எத்தனை மணிக்குக் கதவைத் தட்டினாலும் விளக்கோட வருவாங்க. இந்த வரிசையில பாதிப் பிள்ளைங்க அவங்க கையிலதான் விழுந்தது” என்றார். யாருடைய பட்டியலிலும் அந்த நர்ஸம்மா இல்லை.

சொன்ன தேதியை அப்படியே எழுதாதீர்கள். நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள். மின்சார ரயில் வந்த பிறகா, முன்னேயா? உங்கள் கல்யாணத்துக்கு முன்னா? மூத்த பிள்ளை நடக்கிற வயசா?

புகைப்படத்தை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்கவே கேட்காதீர்கள். நான் ஒரு முறை வாங்கி வந்தேன், மழையில் பை நனைந்து படத்தின் ஓரம் உப்பிவிட்டது. அந்த வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. இப்போது அவர்கள் திண்ணையிலேயே, வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்து, செல்போனில் முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்துக்கொள்கிறேன். பின்பக்கம் ரொம்ப முக்கியம். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

பழைய கடிதங்கள் கிடைத்தால் உறையை எறிந்துவிட வேண்டாம். உள்ளே இருப்பதைவிட உறை சில சமயம் அதிகம் பேசும். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. பல்லாவரத்துக்கு 600043, குரோம்பேட்டைக்கு 600044, சானடோரியத்துக்கு 600047. ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்றா சென்னை என்றா எழுதியிருக்கிறது என்பதும் ஓரளவு உதவும். 1996-இல்தான் அரசு ஆங்கிலத்திலும் சென்னை ஆக்கியது. ஆனால் பழக்கம் விடாமல் பத்து வருஷம் கழித்தும் மெட்ராஸ் என்றே எழுதியவர்கள் நிறையப் பேர். தமிழ் உறையில் இந்தச் சோதனை செல்லாது, தமிழில் அதற்கு முன்பும் பெரும்பாலும் சென்னைதான். எதுவும் புரியாவிட்டால் அஞ்சல் முத்திரையைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். மை போயிருந்தாலும் பள்ளம் இருக்கும்.

காகிதம் இருக்கும் இடங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அரசாணைகள் அங்கே துறைவாரியாக, வருஷவாரியாக இருக்கும். அடையாள அட்டையும் எதற்காகப் பார்க்கிறீர்கள் என்ற கடிதமும் கொண்டுபோங்கள். பேனாவை விட்டுவிட்டுப் பென்சில் எடுத்துப்போங்கள். கன்னிமாராவில் பழைய இதழ்கள், டைரக்டரிகள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். அச்சில் வந்த தமிழ் எதுவானாலும், துண்டுப் பிரசுரம் உட்பட, அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணைய மின்னூலகம். வெள்ளைக்காரர்கள், ஆங்கிலோ–இந்தியர்கள் என்றால் கல்லறைகளும் தேவாலயப் பதிவேடுகளும். மதராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

சொத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று. சமீபத்திய சில பத்தாண்டுகளுக்கானது ஆன்லைனில் வரும், அதற்கு முந்தையதற்குக் கையால் தேட மனு போடவேண்டும். ஒரு அலுவலகத்தில் என்னை நாலு முறை அலையவைத்தார்கள். ஐந்தாவது முறை, முன்பு நான் தபால் கொடுத்த ஒரு எழுத்தர் அடையாளம் கண்டுகொண்டு பத்து நிமிஷத்தில் எடுத்துத் தந்தார். இதை வழிமுறை என்று சொல்ல முடியாது, நடந்ததைச் சொல்கிறேன்.

சானடோரியம் மாதிரி மருத்துவமனை உள்ள ஊரில் ஒரு எச்சரிக்கை. டாக்டரைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள். சவுரிமுத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர், கணிதமேதை ராமானுஜன் 1917-இல் அங்கே சிகிச்சைக்குத் தங்கினார், 1937-இல் தாம்பரம் சானடோரியம் அரசின் கைக்குப் போனது, இதெல்லாம் எழுதவேண்டியவை. நோயாளியாக இங்கே வந்து கிடந்தவர்களின் பெயரைத் தோண்டாதீர்கள். காசநோய் என்று தெரிந்தால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்ற காலம் அது. அந்த வார்டுகளுக்கு நம்மவர்கள் கொண்டுபோன கடிதங்களில் அனுப்புநர் விலாசம் இல்லாதவை எத்தனையோ.

முதலாளி பெயர் கிடைக்கும், தொழிலாளி பெயர் கிடைக்காது

குரோம்பேட்டையின் பெயரிலேயே குரோம் இருக்கிறது. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டால் வாரக்கணக்கில் ஆகும். குரோம் உப்பு போட்டால் சில நாளில் முடியும். ஆல்ஃபிரட் சாட்டர்டன் மதராஸ் கலைப் பள்ளியில் இதைச் சோதித்துக் காட்டினார். ஜி.ஏ. சேம்பர்ஸ் 1912-இல் குரோம் தோல் கம்பெனியை இங்கே நிறுவினார். இருவர் பெயரும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டியவர் பெயர்?

எனக்குக் கிடைத்த வழி மூன்று. பழைய வாக்காளர் பட்டியல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தொழிற்சங்கத்துச் சந்தா நோட்டு. பள்ளிப் பதிவேட்டில் ‘தகப்பனார் தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ‘தோல் கம்பெனி’ என்று வரிசையாக வரும். பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். பேரப்பிள்ளைகள் இன்னும் ஊரில் இருப்பார்கள், அவர்கள் சம்மதம் இல்லாமல் பெயரை அச்சில் போடாதீர்கள். பழைய பதிவேட்டில் பெயரோடு சாதியும் ஒட்டிக்கொண்டு வரும். அவரே அதைப் பெயரின் பகுதியாக வைத்துக்கொண்டிருந்தால் ஒழிய நான் அதைத் தூக்கி வருவதில்லை.

‘காந்தி இங்கே வந்தார்’

எல்லா ஊரிலும் காந்தி வந்திருக்கிறார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்திருக்கிறார். இதைச் சரிபார்ப்பது மற்றதைவிடச் சுலபம். அவர் எழுத்துகளின் முழுத் தொகுப்பு 100 தொகுதிகள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேதி தெரிந்தால் அன்று எங்கே இருந்தார் என்று கிட்டத்தட்டப் பார்த்துவிடலாம். தேதியே இல்லாமல் மோர் மட்டும் இருந்தால் உறையின் மேல் ‘விலாசம் போதவில்லை’ என்று எழுதிக் கட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

உண்மையாகவே நான் அப்படித்தான் செய்கிறேன். பெயருக்கு ஒரு பழுப்பு உறை. அதன்மேல் நாங்கள் திரும்பும் தபாலுக்குப் போடும் குறிப்புகளையே போடுகிறேன். ‘வீடு மாறிவிட்டார்’ என்றால் பக்கத்து ஊர்க்காரரிடம் கேட்கவேண்டும். ‘அப்படி ஒருவரும் இல்லை’ என்றால் கதை. ‘ஆள் இல்லை, மறுபடி வரவும்’ என்றால் இன்னும் தேடவேண்டும்.

எழுதும்போது

ஆளுக்குப் பத்து வரி போதும். முதல் வரியில் வாசலும் வருஷமும் வந்துவிடட்டும். நான் மலரில் போட்டது இப்படி: ‘மறைமலையடிகள் (1876–1950). இயற்பெயர் வேதாசலம். 1911 முதல் இறுதிவரை பல்லாவரம் சாவடித் தெருவில் குடியிருந்தார். அதே வீட்டில் வளர்ந்தவர் நீலாம்பிகை. அவரைப் பற்றி அடுத்த பக்கம்.’ அதன்பிறகுதான் அவர் செய்தது என்ன என்பது. ‘மாபெரும்’, ‘ஒப்பற்ற’, ‘செம்மல்’ எல்லாம் சங்கத் தலைவர் தன் முன்னுரையில் எழுதிக்கொள்வார், அவருக்கு விட்டுவிடுங்கள். நிச்சயமில்லாத செய்தியை ‘என்று சொல்கிறார்கள்’ என்று ஒட்டவைக்காமல் உறையிலேயே வைத்திருங்கள்.

அச்சானதும் முதல் பிரதியை யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்கள் வீட்டுக்குக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். தபாலில் போடாதீர்கள், நான் சொல்வதால் நம்பலாம். நேரில் போனால்தான் “இதுல ஒரு தப்பு இருக்கு” என்று உட்காரவைத்துக் காப்பி கொடுத்துச் சொல்வார்கள். எனக்கு அப்படி ஆறு திருத்தம் வந்தது.

அந்த நர்ஸம்மாவின் உறை இன்னும் என் மேஜையில்தான். ஏழாவது வீடு, விளக்கு, ராத்திரி, இவ்வளவுதான் உள்ளே. கன்டோன்மென்ட் அலுவலகத்தில் பிறப்புப் பதிவு பார்க்க மனு கொடுத்திருக்கிறேன். பிள்ளை பிறந்தபோது பிரசவம் பார்த்தவர் யார் என்று எழுதிவைக்கும் வழக்கம் அப்போது இருந்திருந்தால் அவர் பெயர் அகப்பட்டுவிடும். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.